பத்து வெள்ளியின் பயணம்: நாணயமாற்று ஏற்ற இறக்கமும் மலாக்காத் தமிழர் உழைப்பும்

மலேசியத் தமிழர் தம் அன்றாடப் பேச்சில் ரிங்கிட்டை இன்றும் 'வெள்ளி' என்றே வழங்குகின்றனர். சந்தையில் ஐந்து வெள்ளிக்குக் காய்கறி வாங்குகிறோம். ஆயிரம் வெள்ளி சம்பளம் என்கிறோம். 1975ஆம் ஆண்டு அரசு ரிங்கிட் என்னும் பெயரை முறையாக அறிவித்த பின்னரும் இவ்வழக்கு மாறவில்லை. ரிங்கிட் என்னும் மலாய்ச் சொல்லும் முன்னாளில் இவ்வட்டாரத்தில் புழங்கிய ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் பற்கள் போன்ற விளிம்பைக் குறித்து எழுந்ததே. கையிலிருக்கும் தாளில் வெள்ளி உலோகம் அணுவளவும் இல்லை. சொல்லில் மட்டும் அது தங்கிவிட்டது. அச்சொல்லுக்குப் பின்னால் ஒரு பொருளியல் வரலாறு உண்டு. அவ்வரலாற்றை மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழ்ந்த தமிழர் பக்கமிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணம்.

வளரும் நாடுகளின் தொழில்துறை ஏற்றுமதியை நாணயமாற்று விகிதத்தின் ஏற்ற இறக்கம் எவ்வாறு பாதிக்கிறது என்னும் வினா பொருளியலாளரிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்படுவது. அனைத்துலகப் பண நிதியம் 1984இலும் பின்னர் 2004இலும் இதனை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. ஏற்ற இறக்கம் வாணிபத்தைப் பெரிதும் குறைக்கிறது என்பதற்கு எல்லாச் சூழலிலும் பொருந்தும் வலுவான சான்று கிட்டவில்லை என்பதே அவ்வாய்வுகளின் போக்கு. இம்முடிவை நாம் மறுக்கவில்லை. ஆயின் அவ்வாய்வுகள் கப்பலேறிச் சென்ற சரக்கின் அளவை நோக்குவன. சரக்கு குறையாமல் கப்பலேறியது என்பதாலேயே எவருக்கும் இழப்பில்லை என்று கொள்ளல் பொருந்தாது. ஏற்றுமதி அளவு நிலையாக இருந்ததற்குக் காரணம், ஏற்ற இறக்கத்தின் சுமையை வேறொருவர் சுமந்ததாகவும் இருக்கலாம். மலாக்காவில் அந்த வேறொருவர் யார் என்பதே நம் வினா.

இதனை அளக்க நாம் எளியதொரு கோலைக் கையாள்வோம். தோட்டத்துத் தொழிலாளி ஒருவர் ஊரிலுள்ள தம் குடும்பத்திற்குப் பத்து வெள்ளி அனுப்புகிறார் எனக் கொள்வோம். அஞ்சலகப் பணவிடை வழியாகவோ நகரத்தார் உண்டியல் வழியாகவோ, ஊர் திரும்பும் கங்காணியின் கையிலோ அது செல்லலாம். தரகும் கழிவும் ஒருபுறம் இருக்க, அந்தப் பத்து வெள்ளி தஞ்சையிலோ சேலத்திலோ எத்தனை ரூபாயாகப் போய்ச் சேர்ந்தது? கீழே தரும் தொகைகள் அவ்வக்காலத்து மாற்று விகிதத்தைக் கொண்டு நாம் கணக்கிட்டவை.

வெள்ளி வெள்ளியாக இருந்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீரிணைக் குடியேற்றங்களாகிய பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றிலும் மெக்சிகோ வெள்ளி நாணயமே பெரும்பாலும் செலாவணியாக இருந்தது. இந்திய ரூபாயும் வெள்ளியே. ஒரு மெக்சிகோ நாணயத்திலிருந்த தூய வெள்ளியின் எடை, ரூபாயிலிருந்ததைப் போல் இரண்டேகால் மடங்கு. எனவே பத்து வெள்ளி ஏறத்தாழ இருபத்திரண்டரை ரூபாய்க்குச் சமம். உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறினாலும் இறங்கினாலும் இரு நாணயங்களும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின.

1870களில் ஐரோப்பிய நாடுகள் தங்க நாணய முறைக்கு மாறத் தொடங்கியதும் வெள்ளியின் விலை சரியலாயிற்று. அக்காலத்தில் மலாக்காவின் முதன்மையான தோட்டப்பயிர் மரவள்ளி. சீன முதலாளிகள் பயிரிட்டு மாவாகவும் சவ்வரிசியாகவும் ஏற்றுமதி செய்தனர். விற்பனை தங்கத்தை அடிப்படையாகக் கொண்ட நாடுகளில், கூலி வெள்ளியில். வெள்ளி மலிந்தமை அவர்க்கு ஒருவகை மானியமாகவே அமைந்தது எனலாம். நாணய மதிப்பு வீழ்ந்தால் ஏற்றுமதி வளரும் என்று பாடநூல்கள் கூறுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

1893ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்திய அரசு தன் நாணயச் சாலைகளைத் தனியார் கொணரும் வெள்ளிக்கு மூடியது. அன்றுமுதல் ரூபாய், உலோகத்தின் விலையிலிருந்து விலகி நின்றது. 1898 அளவில் ஒரு ரூபாய் ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்னும் நிலையை எட்டியது. நீரிணை வெள்ளியோ உலோகத்தோடு சேர்ந்து மேலும் இறங்கியது. 1902இன் இறுதியில் அது ஏறத்தாழ ஒரு ஷில்லிங் ஏழு பென்சாயிற்று. அந்நிலையில் பத்து வெள்ளி ஊரில் பன்னிரண்டு ரூபாயே. தொழிலாளியின் கூலி ஒரு காசும் குறைக்கப்படவில்லை. அவர் அனுப்பிய தொகையும் குறையவில்லை. ஊரில் பெற்றவர்க்கு மட்டும் ஏறக்குறையப் பாதியளவு மறைந்துவிட்டது.

இங்கே அரிசியையும் சேர்த்து எண்ணல் வேண்டும். தோட்டத் தொழிலாளர் உண்டது பெரும்பகுதி இரங்கூன் அரிசி. பர்மா அப்போது ரூபாய் வழங்கிய நாடு. ஆக, தொழிலாளியின் உணவும் குடும்பக் கடனும் ரூபாயில். அவர் பெற்ற கூலியோ வெள்ளியில். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்றவர்க்கு இத்தொல்லை இல்லை. அங்கே கூலியும் ரூபாயே. மலாயாவிற்குக் கப்பலேறியவர் கூலிவேலையோடு நாணயமாற்று இடர்ப்பாட்டையும் அறியாமலேயே ஏற்றுக்கொண்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

சர் டேவிட் பார்பரின் தலைமையில் அமைந்த குழுவின் 1903ஆம் ஆண்டுப் பரிந்துரையையொட்டி நீரிணைக்கெனத் தனி வெள்ளி நாணயம் அடிக்கப்பட்டது. 1906இல் அதன் மதிப்பு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என உறுதியாக நிறுத்தப்பட்டது. அறுபது வெள்ளிக்கு ஏழு பவுன் என்னும் இவ்விகிதம், இடையில் ஜப்பானியர் ஆட்சிக்காலம் நீங்கலாக, 1967 வரை நிலைத்தது. பத்து வெள்ளியின் ரூபாய் மதிப்பும் பதினேழரையாக உயர்ந்தது.

இதே காலத்தில்தான் மலாக்காவின் முகம் மாறியது. மரவள்ளி பயிரிட்டு வந்த தான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வாணிப நோக்கில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. அடுத்துப் புக்கிட் அசகானில் பெரும் பரப்பில் நட்டார். 1910இல் இலண்டனில் ரப்பர் விலை இறாத்தலுக்குப் பன்னிரண்டு ஷில்லிங்கைத் தாண்டியது. சஞ்சிக்கூலி முறை அவ்வாண்டே முடிவுக்கு வர, கங்காணி முறையில் தமிழர் பெருந்திரளாக வந்து சேர்ந்தனர். அத்தகைய விலையேற்றத்தில் நாணயம் சற்று உயர்ந்ததை எந்தத் தோட்ட முதலாளியும் பொருட்படுத்தவில்லை.

1919ஆம் ஆண்டு

நிலையான விகிதம் வந்துவிட்டது, இனித் தொல்லையில்லை என்று கருதியிருக்கக்கூடிய வேளையில் முதல் உலகப் போரின் இறுதியாண்டுகள் வந்தன. மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதியோர் இவ்வாண்டுகளை அரிசிப் பஞ்சத்தின் பெயரால் மட்டும் குறித்துக் கடந்து விடுகின்றனர். நாணயத்தின் பக்கமிருந்து நோக்கினால் இவற்றைவிடக் கொடிய ஆண்டுகள் அமைதிக்காலத்தில் இல்லை என்பது நம் கருத்து.

போரின்போது வெள்ளி உலோகத்தின் விலை முன்னைக்கு மாறாக விண்ணை நோக்கி ஏறியது. நாணயத்திலுள்ள உலோகம், நாணயத்தின் முகமதிப்பைவிட விலையுயர்ந்தால் மக்கள் அதை உருக்கி விற்றுவிடுவர். இவ்வச்சம் இந்திய அரசுக்கும் எழுந்தது, நீரிணை அரசுக்கும் எழுந்தது. இரண்டும் ஒரே பேரரசின் உறுப்புகள். ஆயினும் இரண்டும் எதிரெதிர் வழிகளைத் தேர்ந்தன. இந்திய அரசு ரூபாயின் மாற்று விகிதத்தை உயர்த்திக்கொண்டே சென்றது. 1917 ஆகஸ்டில் ஒரு ஷில்லிங் ஐந்து பென்ஸ். 1918 ஏப்ரலில் ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ். 1919 மே மாதத்தில் ஒரு ஷில்லிங் எட்டு பென்ஸ். செப்டம்பரில் இரண்டு ஷில்லிங். டிசம்பரில் இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ். நீரிணை அரசோ விகிதத்தைத் தொடவில்லை. மாறாக, நாணயத்திலிருந்த வெள்ளியைக் குறைத்தது. பத்தில் ஒன்பது பங்கு வெள்ளியாக இருந்த நாணயம், 1919, 1920ஆம் ஆண்டு எண்களைத் தாங்கி வெளிவந்தபோது பாதியளவே வெள்ளியாக இருந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

இரண்டு முடிவுகளுக்கும் இடையில் சிக்கியது நம் பத்து வெள்ளி. 1917இன் தொடக்கத்தில் பதினேழரை ரூபாயாகச் சென்றது, 1919 டிசம்பரில் வெறும் பத்து ரூபாயாயிற்று. முன்னர்ச் சொன்ன வீழ்ச்சிக்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் தேவைப்பட்டன; இதற்கு மூன்றாண்டுகள் போதுமாயின. நீரிணை நாணயம் இரண்டு ஷில்லிங் நான்கு பென்சிலேயே அசையாமல் நின்றது என்பதை மீண்டும் நினைவில் கொள்ளல் வேண்டும். இலண்டனுக்கு ரப்பர் விற்றவர் கண்ணுக்கு எந்த ஏற்ற இறக்கமும் தென்படவில்லை. ஏற்றுமதியாளரின் விகிதம் நிலையாக நிற்க, தொழிலாளியின் விகிதம் மட்டும் ஆடிற்று. ஒரு நாட்டிற்கு ஒரே நாணயமாற்று விகிதம் உண்டென்று எழுதுவது எத்துணைப் பிழை என்பதை இது காட்டும்.

இதனோடு அரிசியும் சேர்ந்துகொண்டது. இந்திய அரசு பர்மா அரிசியின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 1919இல் சயாமும் தன் அரிசியை வெளியே விட மறுத்தது. கிடைத்த அரிசிக்கும் உயர்ந்துவிட்ட ரூபாயில் விலை தரவேண்டியிருந்தது. தோட்டங்களில் மரவள்ளியும் கிழங்குகளும் நட ஊக்குவிக்கப்பட்டது. ரப்பருக்காக மரவள்ளியை அழித்த மலாக்காவில், ரப்பர் வெட்டுவோரின் பசிக்கு மரவள்ளியே மீண்டும் வந்து நின்றமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

தோட்ட நிர்வாகங்களும் முழுமையாகத் தப்பவில்லை என்பதை நடுநிலை கருதிக் கூறவேண்டும். ஆள் சேர்க்கும் செலவு தமிழ்நாட்டில் ரூபாயாகவே ஆனது. கங்காணி ஊரில் கொடுக்கும் முன்பணம் ரூபாய். ரூபாய் உயர்ந்தபோது புதிய ஆள் ஒருவரைக் கொண்டு வரும் செலவும் உயர்ந்தது. எனினும் நிர்வாகம் ஆள் சேர்ப்பதைத் தள்ளிப்போடலாம். ஊரில் அடகு வைத்த நிலத்துக்கு வட்டி கட்டுவதைத் தொழிலாளி தள்ளிப்போட இயலுமா?

1920இல் வெள்ளியின் விலை உச்சத்தைத் தொட்டுச் சரிந்தது. ரூபாயும் சரிந்து 1921இல் ஒரு ஷில்லிங் நான்கு பென்சுக்கும் கீழே இறங்கியது. பத்து வெள்ளி மீண்டும் பதினேழு ரூபாயைக் கடந்தது. ஆனால் அதற்குள் ரப்பர் விலை வீழ்ந்துவிட்டது. 1920 தொடக்கத்தில் இறாத்தல் இரண்டு ஷில்லிங்கிற்கு மேல் விற்றது, ஆண்டு முடிவில் ஏறத்தாழ ஒரு ஷில்லிங்கிற்கு வந்தது. தோட்டங்களில் வேலை நாள் குறைந்தது. விகிதம் நன்றாக இருந்தபோது அனுப்பப் பணமில்லை. பணமிருந்தபோது விகிதம் நன்றாக இல்லை.

விலை வீழ்ந்தது, விகிதம் நின்றது

1927இல் இந்திய அரசு ரூபாயை ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என நிலைநிறுத்தியது. இவ்விகிதம் இந்திய விவசாயியையும் ஏற்றுமதியையும் நசுக்கும் என்று சர் புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் ஹில்டன் யங் ஆணையத்தில் தனிக்குறிப்பு எழுதி ஒரு ஷில்லிங் நான்கு பென்சுக்கு வாதிட்டார். ஏழை நாட்டின் ஏற்றுமதியும் நாணயமாற்று விகிதமும் என்னும் பொருளில் ஆசியாவில் நிகழ்ந்த பெரும் விவாதங்களுள் அது ஒன்று. அவ்விவாதத்தில் பேசப்பட்டவர் பருத்தி விளைவித்தவரும் ஆலை முதலாளிகளும். கடல் கடந்து சென்று பணம் அனுப்புவோர் அதன் மையத்தில் இல்லை. பத்து வெள்ளி இனிப் பதினைந்தரை ரூபாய், அவ்வளவே.

இவ்விகிதம் அதன்பின் 1966 வரை அசையவில்லை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க முறையைக் கைவிட்டபோது ரூபாயும் நீரிணை வெள்ளியும் பவுனைப் பற்றிக்கொண்டே இறங்கின. அவற்றுக்கிடையே ஓர் அணாவும் மாறவில்லை. நாணயமாற்று நிலைத்தன்மையை விரும்புவோர் இதனினும் நல்ல நிலையை எதிர்பார்க்க இயலாது.

ஆயினும் மலாயாத் தமிழர் அடைந்த பெருந்துயர்களுள் ஒன்று இந்த நிலைத்தன்மையின் நடுவிலேதான் நேர்ந்தது. 1932இல் ரப்பர் இறாத்தல் இரண்டு பென்சுக்கும் கீழே போயிற்று. ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாட்கூலி 1930இல் 40 காசும் 32 காசுமாகக் குறைக்கப்பட்டது. பின்னர் மேலும் குறைந்தது. பத்து வெள்ளி சேர்க்க ஓர் ஆண் தொழிலாளி இருபது நாள் உழைத்த நிலை மாறி, இருபத்தைந்து நாள் உழைக்க வேண்டியதாயிற்று. அதுவும் உண்ணாமல் உடுத்தாமல். 1930க்கும் 1933க்கும் இடையில் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோர் அரசுச் செலவில் தாயகம் அனுப்பப்பட்டனர். விகிதம் நிலையாக இருந்தால் கூலி ஆடும். கூலியும் நிலையாக இருந்தால் ஆள் எண்ணிக்கை ஆடும். ஏதோவொன்று ஆடியே தீரும் என்பதுபோல் இருக்கிறது ஏற்றுமதித் தொழிலின் இயல்பு.

ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டு 1945இல் ஒரே நாளில் குப்பையானதை நம் முதியோர் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதனை இங்கு விரித்தல் வேண்டா. 1949இல் பவுன் மதிப்பிறக்கம் பெற்றபோது மலாயா வெள்ளியும் ரூபாயும் உடன் இறங்கின. ரப்பரை வாங்கிய அமெரிக்கருக்கு அது மலிந்தது; மலாயா வெள்ளி, அமெரிக்க டாலருக்கு 2.13 என்றிருந்தது 3.06 ஆயிற்று. அடுத்த ஆண்டே கொரியப் போர் மூண்டு ரப்பர் விலை உயர்ந்ததால் மதிப்பிறக்கத்தால் மட்டும் விளைந்த பயன் எவ்வளவு எனப் பிரித்தறிதல் கடினம். 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், ரப்பர் விலையை ஒட்டிக் கூலி உயரவும் தாழவும் வகைசெய்யும் ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது. அவ்விலை உள்நாட்டு வெள்ளியில் குறிக்கப்பட்ட விலை என்பதால், நாணய மதிப்பிறக்கத்தின் ஆதாயத்தில் ஒரு சிறு பங்கு தொழிலாளிக்கும் கிடைக்கும் வாயில் முதன்முதலாகத் திறந்தது. வீழ்ச்சியிலும் பங்கு உண்டு என்பதே அதன் மறுபக்கம்.

பழைய நோட்டு

1966 ஜூன் 6ஆம் நாள் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. பத்து வெள்ளி இருபத்துநான்கரை ரூபாயாக உயர்ந்தது. மெக்சிகோ நாணய காலத்தைவிடவும் மேலான நிலை! ஆனால் அதற்குள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறை எழுந்துவிட்டது. ஊருக்கு அனுப்புவோர் தொகை சுருங்கிவிட்டது. நல்ல விகிதம் மீண்டும் காலந்தாழ்ந்தே வந்தது.

மறு ஆண்டு நிகழ்ந்தது வேறு வகை. 1967 ஜூன் 12ஆம் நாள் பேங்க் நெகாரா புதிய நாணயத்தை வெளியிட்டது. பழைய நாணய ஆணையத்தின் நோட்டுகளும் உடன் புழங்கின. இரண்டும் சமம் என்றே மக்கள் கருதினர். நவம்பர் 18ஆம் நாள் பவுன் மதிப்பிறக்கம் பெற்றது. புதிய நாணயம் பவுனைப் பின்பற்றவில்லை. பவுனைக் காப்பாகக் கொண்ட பழைய நோட்டு பின்பற்றியது. ஒரே நாளில் பழைய வெள்ளி ஒன்று 85 காசாயிற்று. பினாங்கில் கடையடைப்பு நடந்து கலவரமாக வெடித்து உயிர்கள் பலியாயின.

மலாக்காத் தோட்டங்களில் அத்தகைய கலவரம் எழவில்லை. ஆனால் தகரப்பெட்டியிலும் அரிசிப் பானையிலும் பணம் வைத்திருந்தோர் எந்த நோட்டை வைத்திருந்தனர்? மகள் திருமணத்திற்கென்று ஆண்டுக்கணக்காகச் சேர்த்தது பழைய நோட்டாகவே இருந்திருக்கும். சேமிப்பவரே தண்டிக்கப்பட்டனர், அன்றன்றைக்குச் செலவழித்தவர் தப்பினர். அதே 1967இன் தொடக்கத்தில்தான் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர் கூலித் தகராற்றை முன்னிட்டுக் கோலாலம்பூர் நோக்கிக் கால்நடையாகச் சென்றனர். இரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஒரே ஆண்டில் ஒரே மக்கள் கூலிக்காகவும் போராடி, கூலியிலிருந்து மிச்சம் பிடித்த பணத்திலும் இழந்தனர் என்பதே நாம் சுட்ட விழைவது.

பத்து பெரெண்டாம்

1971ஆம் ஆண்டுத் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டத்தின்கீழ் மலாக்காவில் பத்து பெரெண்டாம், தஞ்சோங் கிளிங் ஆகிய இடங்களில் ஏற்றுமதித் தொழிற்சாலைகள் எழுந்தன. இன்று இன்ஃபினியோன் எனப்படும் ஆலை 1973இல் சீமென்ஸ் நிறுவனத்தின் கிளையாக இங்குத் தொடங்கியது. 1973 ஜூனில் மலேசிய வெள்ளியும் மிதக்கவிடப்பட்டது. ஆகவே மலாக்காவின் தொழில்மயமும் நிலையற்ற நாணயமாற்றும் ஏறக்குறைய ஒரே ஆண்டில் பிறந்த இரட்டையர் எனலாம். பால்வெட்டிய தாயின் மகள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி நுண்ணோக்கியின்முன் அமர்ந்தாள்.

மின்னியல் ஏற்றுமதிக்கும் ரப்பர் ஏற்றுமதிக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. இதனை ஆசிரியர்கள் மாணவர்க்கு எளிய கணக்கால் விளக்கலாம். நூறு டாலருக்கு ரப்பர் விற்றால் அதன் செலவு பெரும்பாலும் உள்நாட்டுக் கூலியும் நிலமுமே. ரிங்கிட் வீழ்ந்தால் ஆதாயம் முழுமையும் தோட்டத்திற்கு. நூறு டாலருக்குச் சில்லு விற்கும் ஆலையோ எழுபது டாலருக்கு மூலப்பொருளையும் கருவியையும் வெளியிலிருந்து தருவித்தது எனக் கொள்வோம். ரிங்கிட் வீழும்போது அந்த எழுபதின் செலவும் உடன் ஏறும். மீதி முப்பதில் மட்டுமே ஆதாயம். அம்முப்பதின் முதன்மையான உறுப்பு தொழிலாளியின் சம்பளம். அதாவது, நாணய வீழ்ச்சியால் ஆலைக்கு விளையும் பயன் என்பது டாலர் கணக்கில் தொழிலாளி மலிந்துபோவதே. விற்பவரும் வாங்குபவரும் ஒரே பன்னாட்டு நிறுவனத்தின் கிளைகளாய் இருந்து கணக்கும் டாலரிலேயே எழுதப்படுமாயின் ஏற்ற இறக்கம் ஏற்றுமதியின் அளவைப் பெரிதும் தொடாது. பண நிதியத்தின் ஆய்வுகள் வலுவான சான்று காணாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

1997 ஜூலையில் தாய்லாந்தின் பாட் வீழ்ந்த சில நாட்களில் ரிங்கிட்டும் தளர்ந்தது. டாலருக்கு ஏறத்தாழ 2.50 என்றிருந்தது 1998 ஜனவரியில் 4.88 வரை சென்றது. 1998இல் நாட்டின் ஏற்றுமதி ரிங்கிட் கணக்கில் பெருகியது. டாலர் கணக்கில் சுருங்கியது. இவ்விரு கூற்றுகளும் உண்மையே. எதைச் சொல்கிறோம் என்பது நாம் யாருடைய பணப்பையை நோக்குகிறோம் என்பதைப் பொறுத்தது. செம்பனை எண்ணெய் டன்னுக்கு இரண்டாயிரம் ரிங்கிட்டைத் தாண்டியது. ரப்பருக்கு அத்தகைய ஏற்றம் வாய்க்கவில்லை. தாய்லாந்தும் இந்தோனேசியாவும் பெரும் ரப்பர் விற்பனையாளர். அவர்தம் நாணயங்களும் வீழ்ந்தமையால் டாலரில் ரப்பர் விலையே இறங்கிவிட்டது. போட்டியாளர் அனைவரும் ஒருங்கே வீழ்ந்தால் வீழ்ச்சியால் எவர்க்கும் பயனில்லை. மலாக்காவில் எஞ்சியிருந்த ரப்பர்க் காடுகள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் வழிவிட்டமைக்கு இது ஒன்றே காரணமன்று. எனினும் அதனை விரைவுபடுத்திய காரணங்களுள் ஒன்றாகக் கொள்ளலாம்.

1998 செப்டம்பர் 2ஆம் நாள் ரிங்கிட் 3.80இல் நிறுத்தப்பட்டு 2005 ஜூலை 21 வரை அங்கேயே நின்றது. 2001இல் உலக மின்னியல் சந்தை சரிந்தபோது விகிதம் சற்றும் அசையவில்லை. எனினும் அவ்வாண்டு மலேசியாவின் ஏற்றுமதி 10 விழுக்காட்டிற்கு மேல் குறைந்தது. மின்னியல் ஆலைகளில் ஆட்குறைப்பு நிகழ்ந்தது. 1932ஐ அறிந்தவர்க்கு இது புதிதன்று.

நாம் வெளிநாட்டில் முனைவர்ப் பட்ட ஆய்வு மேற்கொண்ட நாளில், 2015ஆம் ஆண்டு ரிங்கிட் டாலருக்கு 3.50 அளவிலிருந்து 4.40ஐத் தாண்டியது. மாதத்தொடக்கத்தில் விகிதத்தைப் பார்த்த பின்னரே நூல் வாங்குவதா வேண்டாவா என்று முடிவு செய்த நினைவு இன்றும் உண்டு. நமக்கு அது நூலோடு நின்றது. எதிர்த்திசையில் பணம் அனுப்பிய நம் முன்னோர்க்கு அது அடகிலிருந்த நிலமாக இருந்தது என்பது பின்னரே உறைத்தது.

புக்கிட் லிந்தாங்கில் இன்று தமிழ்ப்பள்ளி உண்டு. மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டம் எழுந்த இடத்தின் பெயரைத் தாங்கும் பள்ளி அது என்பதை உள்ளூர் வரலாற்றுப் பாடமாக்க ஆசிரியர்கள் முன்வரலாம். பாடத்திற்குக் கணக்கேடு வேண்டுமெனில் பழைய பணவிடைச் சீட்டுகள் சில இல்லங்களில் எஞ்சியிருக்கக்கூடும். பெட்டியோடு எரிக்கப்படுமுன் அவற்றைத் திரட்டுதல் நலம்.

பத்து பெரெண்டாம் ஆலைகளிலும் ஜாசின் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களிலும் இப்போது வேலை செய்வோருள் நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் பலர். மலாக்காப் பட்டணத்தில் பணம் அனுப்பும் கடைகளின் முகப்பில் அன்றைய விகிதம் எண்களால் ஒளிர்கிறது. 2024 பிப்ரவரியில் ரிங்கிட் டாலருக்கு ஏறத்தாழ 4.80 என வீழ்ந்தபோது அவ்வெண்களைப் பார்த்து நின்றவர் கூட்டத்தில் தமிழர் அருகியே இருந்திருப்பர். நேப்பாள ரூபாய் 1993 முதல் இந்திய ரூபாயோடு ஒன்றுக்கு 1.60 என்னும் விகிதத்தில் பிணைக்கப்பட்டுள்ளது. எனவே அங்கு நிற்கும் நேப்பாளத் தொழிலாளி அனுப்பும் பத்து வெள்ளி, அவர் ஊரில் எவ்வளவாகும் என்பதை இன்றும் முடிவு செய்வது வெள்ளிக்கும் இந்திய ரூபாய்க்கும் இடையிலுள்ள அதே விகிதந்தான்.